பூண்டுப் படமும் மூன்றாவது டைம்லைனும்

போன வாரம் வியாழக்கிழமை இரவு படத்தைப் பூட்டினேன், அதாவது இனி வெட்டுகளில் மாற்றமில்லை என்று முடித்தேன். 22 நிமிடம். கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறையில் மலைப்பூண்டு ஊன்றுவதில் தொடங்கி, புகையில் தொங்கி, மலைக்குக் கீழே வடுகபட்டிச் சந்தையில் மூட்டையாக இறங்குவது வரையிலான ஆவணப்படம். படப்பிடிப்புக்கு ஐந்து மாதத்தில் 14 நாள்தான் ஆனது. எடிட்டிங் பதினொரு மாதம் எடுத்துக்கொண்டது. அதில் ஏழு மாதம் இரண்டு தவறான தொடக்கங்களில் போயிற்று. மூன்றாவது முறை நான்கே மாதத்தில் வேலை முடிந்தது. மூன்றாவது முறை என்ன மாற்றினேன் என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதி வைக்கிறேன். மலையில் தனியாக உட்கார்ந்து எடிட் செய்கிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள், யாருக்காவது உதவும்.

கையில் இருந்தது இவ்வளவுதான். 4கே எடுக்கும் ஒரு மிரர்லெஸ் கேமரா, 64 ஜிபி கார்டு இரண்டு, தனியாக ஒலி பதிய ஒரு சின்ன ரெக்கார்டர், அப்புறம் என் போன். வீட்டில் நான்கு வருடப் பழைய லேப்டாப், 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. மென்பொருள் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. கேமராவில் நொடிக்கு 100 மெகாபிட் வைத்திருந்தேன். மணிக்கு 45 ஜிபி. மொத்தம் 19 மணி நேரம் சேர்ந்தது, அதாவது 855 ஜிபி. 21 முறை கார்டை இறக்கி அழித்து மறுபடி போட்டிருக்கிறேன். இந்த 21 என்ற எண்தான் பின்னால் என்னைப் பிடித்தது.

முதல் முறை அவசரம். கடைசி நாள் வடுகபட்டியில் படம் பிடித்துவிட்டு அட்டுவம்பட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்த இரவே புது ப்ராஜெக்ட் திறந்தேன். கைக்கு முதலில் கிடைத்தது போனில் எடுத்த மழைக் காட்சி. அதை உள்ளே இழுத்ததும், கிளிப்பின் ஃப்ரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படம் என்பது) வேறாக இருக்கிறது, ப்ராஜெக்டை அதற்கேற்ப மாற்றட்டுமா என்று கேட்டது. சரி என்று அழுத்தினேன். போன் எடுத்தது நொடிக்கு 30. கேமராவில் எடுத்ததெல்லாம் 25. உள்ளே கிளிப் வந்துவிட்ட பிறகு அந்த ப்ராஜெக்டின் வேகத்தை மாற்ற முடியாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஆறு வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது, அதுவும் புகையில். பரணில் தொங்கும் பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே புகை மெல்ல ஏறும் ஷாட் ஒன்று உண்டு. ஒரே சீராகப் போகவேண்டிய புகை திக்கித் திக்கிப் போயிற்று. ஒவ்வொரு ஃப்ரேமாகத் தட்டிப் பார்த்தேன். ஐந்து ஃப்ரேம் நகர்கிறது, ஆறாவது ஃப்ரேம் ஐந்தாவதின் நகலாக நிற்கிறது. 25-ஐ 30 ஆக்க வேண்டுமென்றால் நொடிக்கு ஐந்து ஃப்ரேமை இரட்டிக்கத்தானே வேண்டும். ஆள் நடக்கும் காட்சியில், மண் கொத்தும் காட்சியில் இது தெரியவே இல்லை. புகை காட்டிக்கொடுத்துவிட்டது.

அந்த ப்ராஜெக்டில் வேறு கோளாறுகளும் இருந்தன. கேமரா கோப்புகளை அப்படியே டைம்லைனில், அதாவது துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில், போட்டு வெட்டிக்கொண்டிருந்தேன். அந்த வகைக் கோப்பில் எல்லா ஃப்ரேமும் முழுப் படமாக இருக்காது. அங்கங்கே ஒரு முழு ஃப்ரேம், நடுவில் இருப்பவற்றில் மாற்றங்கள் மட்டும். இடத்தில் குறைவு, பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் முன்னும் பின்னும் தேய்த்துத் தேடும்போது லேப்டாப் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டும். ஒரு வெட்டுப் புள்ளியைத் தேட நாலைந்து நொடி காத்திருந்தேன். காத்திருக்கும் அந்த நொடிகளில் எதற்காக அந்த இடத்தைத் தேடினேன் என்பதே மறந்துவிடும். எடிட்டிங்கில் கை யோசனைக்கு ஈடாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் கிடைத்த வெட்டே போதும் என்று மனம் சமாதானமாகிவிடுகிறது. முதல் வடிவத்தில் பாதி வெட்டுகள் அப்படிச் சமாதானமானவைதான்.

இரண்டாவது முறை ப்ராக்ஸி செய்தேன். ஒவ்வொரு கிளிப்புக்கும் லேசான நகல் ஒன்றை உண்டாக்கி அதை வைத்து வெட்டுவது, கடைசியில் மூலக் கோப்புக்குத் திரும்புவது. முதலில் பாதி அளவில், அதாவது 1080-இல் செய்யப் பார்த்தேன். மணிக்கு 17 ஜிபி, 19 மணிக்கு 320 ஜிபிக்கு மேல். என் லேப்டாப்பில் இடமில்லை. கால் அளவுக்கு இறங்கினேன், 960-க்கு 540. டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் என்ற எடிட்டிங் கோப்பு வகையில் மிக லேசானது. மொத்தம் 80 ஜிபி சொச்சத்தில் அடங்கியது. இரண்டு இரவு ஓடவிட்டேன். இரண்டாம் இரவு காற்றில் மரம் விழுந்து கரண்ட் போயிற்று. லேப்டாப் பேட்டரியில் தாங்கியது, ஆனால் சுவர் மின்சாரத்தை நம்பியிருந்த பெரிய ஹார்டு டிஸ்க் அணைந்துவிட்டது. அன்றைக்கு 40 கிளிப் மறுபடி செய்தேன். அதற்குப் பிறகு தனி அடாப்டர் கேட்கும் டிஸ்க் எதையும் வாங்குவதில்லை. யுஎஸ்பி ஒயரிலேயே ஓடும் சின்ன டிஸ்க்தான் மலைக்குச் சரி.

ப்ராக்ஸி வந்ததும் வேலை பறந்தது. அந்த லேப்டாப்பா இது என்று இருந்தது. புது ப்ராஜெக்டை 25-இல் பூட்டிவிட்டுத்தான் முதல் கிளிப்பை உள்ளே விட்டேன். மூன்று மாதத்தில் 40 நிமிட வடிவம் ஒன்று வந்தது. பிறகு மூலக் கோப்புகளைப் புது டிஸ்குக்கு மாற்றினேன். மாற்றும்போதே கோப்புறைகளை ஒழுங்குபடுத்தலாம் என்று பெயர்களையும் மாற்றினேன். அதற்கு முன் இருந்த பெயர்கள் ‘புதுசு’, ‘புதுசு இரண்டு’, ‘செவ்வாய்க்கிழமை’ என்ற ரகம்.

ப்ராஜெக்டைத் திறந்ததும் கோப்புகள் காணோம் என்றது. மேல் கோப்புறையைக் காட்டி இதற்குள் தேடு என்றேன். சில நிமிடத்தில் பெரும்பாலானவை கிடைத்துவிட்டன. நிம்மதியாக ஓட்டிப் பார்த்தேன். பாத்தியில் குனிந்து பூண்டுப் பல் ஊன்றும் பாட்டியின் கை வரவேண்டிய இடத்தில் வடுகபட்டியில் மூட்டை சுமக்கும் முதுகு வந்தது. புகை வீட்டின் கதவு திறக்க வேண்டிய இடத்தில் மன்னவனூர்ச் சாலையில் பஸ் திரும்பியது. குரல் பாட்டியினுடையது, ஏனென்றால் ஒலி தனி ரெக்கார்டரிலிருந்து வந்தது, அது சரியாக இருந்தது. படம் மட்டும் ஊர் மாறிக் கிடந்தது.

காரணம் எளிது. கார்டை அழித்துப் போடும் ஒவ்வொரு முறையும் கேமரா சி0001 என்று எண்ணத் தொடங்கும். 21 முறை இறக்கியிருக்கிறேன், ஆக சி0012 என்ற பெயரில் என்னிடம் 21 கிளிப். டைம்கோடும், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமோடும் பதியும் நேர எண்ணும், அழிக்கும்போதெல்லாம் சுழியத்திலிருந்து தொடங்கும்படி நான்தான் வைத்திருந்தேன். பெயரும் ஒன்று, டைம்கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது. மென்பொருள் எதை வைத்து அடையாளம் காணும்? முதலில் கண்ணில் பட்ட சி0012-ஐ மாட்டிவிட்டது. நீளம் போதாத இடங்களில் மட்டும் கோப்பு காணோம் என்று சிவப்பாக நின்றது. அந்தச் சிவப்பே மேல், அங்கே தவறு என்றாவது தெரிந்தது.

ப்ராஜெக்டின் பழைய நகலும் என்னிடம் இல்லை. ரிசால்வ் ப்ராஜெக்டைத் தன் தரவுத்தளத்துக்குள் வைத்துக்கொள்கிறது, நம் கோப்புறையில் தனிக் கோப்பாகக் கிடக்காது. அவ்வப்போது ஏற்றுமதி செய்து எடுத்து வைக்க வேண்டும். அதை நான் செய்திருக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் வில்பட்டியில் இருக்கும் பெரியவர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். ஃபிலிம் காலத்தில் கோடம்பாக்கத்தில் உதவி எடிட்டராக இருந்தவர், ஓய்வுக்குப் பிறகு மலைக்கு வந்தவர். லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். டைம்லைனை அவர் பார்க்கவே இல்லை. “ஏம்மா, இதுல எட்ஜ் நம்பர் எங்க இருக்கு?” என்று கேட்டார். இதில் அப்படி ஒன்றும் இல்லை ஐயா என்றேன். “அப்போ இந்த ஷாட் எந்த ரோல்லேர்ந்து வந்துச்சுன்னு யாரு சொல்லுவா?”

35 எம்எம் ஃபிலிமின் ஓரத்தில் அடிக்கு ஒரு எண் அச்சாகி வரும். ஒரு அடிக்கு 16 ஃப்ரேம். ஆயிரம் அடி ரோல் ஒன்று பதினோரு நிமிடம்தான் ஓடும். ஒரு படத்துக்கு எத்தனை ரோல் வந்து குவியும் என்று நீங்களே கணக்குப் போடலாம். கையளவு துண்டு ஒன்று தரையில் கிடந்தாலும் ஓரத்து எண்ணைப் பார்த்து எந்த ரோல், எந்த டேக் என்று சொல்லிவிடுவார்களாம். ரஷ், அதாவது எடுத்த காட்சிகளின் பிரதி, வந்ததும் உதவி எடிட்டரின் முதல் வேலை கத்தரி எடுப்பது அல்ல, நோட்டில் எழுதுவது. வெட்டிய துண்டுகளைத் துணி போட்ட தொட்டியின் மேல் கொக்கிகளில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். அதற்குத்தான் ‘பின்’ (bin) என்று பெயர். மென்பொருளில் கோப்புறைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. என் படத்தில் பூண்டுக் கட்டுகள் பரணில் தொங்கும் ஷாட்டைப் பார்த்துவிட்டு, “எங்க ரூமும் இப்படித்தாம்மா இருக்கும்” என்றார்.

திரும்பி வந்து இருந்ததையெல்லாம் மூடிவிட்டு மூன்றாவது முறை தொடங்கினேன். முதல் இரண்டு வாரம் டைம்லைனைத் திறக்கவே இல்லை.

முதலில் பெயர். ஒவ்வொரு கார்டு இறக்கத்துக்கும் 01 முதல் 21 வரை எண். எடுத்த தேதியை வைத்துப் பழைய கோப்புறைகளை வரிசைப்படுத்தினேன். பிறகு ஒவ்வொரு கிளிப்பின் பெயருக்கு முன்னும் அந்த எண்ணும் ஊரின் இரண்டெழுத்துச் சுருக்கமும். கோப்புப் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கீழ்க்கோடும் மட்டும்தான். இடைவெளி கிடையாது. எதுவாக இருந்தாலும் ப்ராக்ஸி செய்வதற்கு முன்பே பெயர் மாற்றி முடித்துவிட வேண்டும், பிறகு கை வைக்கக்கூடாது. ப்ராக்ஸியும் மூலமும் பெயரால்தான் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன.

அப்புறம் நகல். டெராகாபி என்ற மென்பொருளில் நகலெடுத்து, கூடவே சரிபார்ப்பையும் ஓடவிட்டேன். இரு பக்கக் கோப்புகளும் கடைசி பைட் வரை ஒன்றுதானா என்று அது ஒப்பிட்டுப் பார்க்கும். இப்போது படப்பிடிப்பு நாளிலும் இதுதான் வழக்கம். ஒரு 64 ஜிபி கார்டுக்கு இரண்டு வேலையும் சேர்த்து 25 நிமிடத்துக்குள் முடிகிறது. அதுவரை கார்டை அழிப்பதில்லை. மூல நகல் மூன்று: வேலை செய்யும் எஸ்எஸ்டியில் ஒன்று, அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் இருக்கும் ஹார்டு டிஸ்கில் ஒன்று, வத்தலக்குண்டில் அக்கா வீட்டில் ஒன்று. கொடைக்கானல் ஈரத்துக்கு லென்ஸில் மட்டுமா பூஞ்சை பிடிக்கிறது, ஒயர் முனைகளும் கறுத்துப்போகின்றன. ஆகவே ஒரு நகல் மலைக்குக் கீழே இருந்தே ஆக வேண்டும்.

மூன்றாவதாக நோட்டு. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், படத்தைக் காப்பாற்றியது இதுதான். 192 பக்க நீள நோட்டு, கோடு போட்டது. 19 மணி நேரத்தையும் முதலிலிருந்து கடைசி வரை ஓடவிட்டுப் பார்த்தேன், வேகமாக ஓட்டாமல். ஒவ்வொரு கிளிப்புக்கும் கார்டு எண், கிளிப் எண், எங்கிருந்து எதுவரை, என்ன நடக்கிறது, ஒலி எப்படி. எல்லாம் தமிழில், எனக்கு நானே பேசுகிற மாதிரி. நல்ல இடத்துக்கு ஒரு வட்டம், இது இல்லாமல் படமில்லை என்றால் இரட்டை வட்டம். மோசமானதையும் எழுதினேன், ஏன் மோசம் என்று. 12 மாலைகளில் 31 மணி நேரம் ஆனது.

ஒரு வரியை அப்படியே தருகிறேன்: “09, 0014. புகை வீடு. லென்ஸில் பனி பிடித்துவிட்டது, படம் முழுக்க மங்கல், பயன்படாது. 2:10 முதல் 2:50 வரை பாட்டி காய்ந்த கட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறாள், சருகு உரசும் ஒலி மிகத் துல்லியம். ஒலிக்கு இரட்டை வட்டம்.” வெளியே குளிரில் இருந்த கேமராவோடு நேராகப் புகை வீட்டுக்குள் போனதால் வந்த பனி அது. முதல் இரண்டு முறையும் அந்தக் கிளிப்பின் சின்னப் படத்தைப் பார்த்தே ஒதுக்கியிருக்கிறேன். இப்போது படத்தில் 14-ஆவது நிமிடத்தில் வடுகபட்டிக்கு இறங்கும் லாரியின் மேல் அந்தச் சருகு ஒலிதான் ஓடுகிறது. லாரியின் இரைச்சலை முழுக்க எடுத்துவிட்டேன். பூண்டு மலையை விட்டு இறங்குகிறது என்பதைச் சொல்ல வேறு ஒன்றும் தேவைப்படவில்லை.

பிறகு ஒலியைப் படத்தோடு சேர்ப்பது. அலைவடிவத்தை ஒப்பிட்டு மென்பொருளே பெரும்பாலானதைச் சேர்த்துவிட்டது. 40 நிமிடப் பேட்டி ஒன்றில் மட்டும் முதலில் சரியாக இருந்த உதடு, கடைசியில் இரண்டு ஃப்ரேம் விலகியது. கேமராவின் கடிகாரமும் ரெக்கார்டரின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பாட்டி மூச்சு விடும் இடைவெளிகளில் ஒலியை வெட்டி ஒரு ஃப்ரேம், ஒரு ஃப்ரேமாகத் தள்ளிச் சரிசெய்தேன். போனில் எடுத்தவற்றை ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றித்தான் உள்ளே விட்டேன். போன் தன் வசதிக்குத் தகுந்தபடி வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிகிறது, அப்படியே போட்டால் ஒலி நழுவும். அப்படியும் மழைக் காட்சி ஒன்றைத் தவிர மற்றதைத் தூக்கிவிட்டேன். புகை வீட்டு விளக்கின் கீழே போன் எடுத்த ஷாட்களில் பட்டை பட்டையாக இருள் ஓடுகிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கிறது. கேமராவில் 25 ஃப்ரேமும் ஐம்பதில் ஒரு நொடி ஷட்டரும் வைத்ததால் தப்பித்தது. போனில் அதை நான் கவனிக்கவில்லை.

இரட்டை வட்டமும் ஒற்றை வட்டமும் வாங்கிய துண்டுகளை மட்டும் ஒரு டைம்லைனில் வரிசையாக வைத்தேன். 3 மணி 10 நிமிடம். அவற்றை நோட்டிலிருந்து சின்ன அட்டைகளில் எழுதிச் சுவரில் குத்தி, இடம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். முதல் கோர்வை 58 நிமிடம் வந்தது. அதை டைம்லைனிலேயே வெட்டிக் குறைக்காமல், நகல் டைம்லைன் எடுத்து 36 ஆக்கினேன், அதன் நகலில் 22. ஒவ்வொரு வாரக் கடைசியிலும் தேதி போட்ட நகல். நாலு முறை பழைய நகலுக்குத் திரும்பிப் போய் ஏதோ ஒன்றை மீட்டிருக்கிறேன். தினமும் வேலை முடிந்ததும் ப்ராஜெக்டை ஏற்றுமதி செய்து பென் டிரைவில் போடுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.

படம் பூட்டும் வரை வண்ணத் திருத்தத்தைத் தொடவில்லை. இரண்டாவது முறையில் புகை ஷாட்களுக்கு மட்டும் ஒரு வாரம் வண்ணம் பார்த்தேன், அவற்றில் பாதி இப்போது படத்திலேயே இல்லை. இந்த முறை வண்ணம் ஆறே நாள். மூலக் கோப்புக்குத் திரும்பும் அன்று கொஞ்சம் பயந்துகொண்டே இருந்தேன். 214 வெட்டு. ஒன்றுகூடச் சிவப்பாகவில்லை. ஆனாலும் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கண்ணால் சரிபார்த்தேன்.

1080-இல் வெளியெடுத்த மூலப் பிரதி ஏறக்குறைய 30 ஜிபி, ஊரில் திரையிட எடுத்தது 2 ஜிபி.

செலவு: கூடுதல் 8 ஜிபி ராம் 2,200 ரூபாய், 1 டெராபைட் வெளி எஸ்எஸ்டி 7,800, 2 டெராபைட் ஹார்டு டிஸ்க் இரண்டு 11,200, நல்ல கார்டு ரீடர் 1,400. நோட்டு, அட்டை, குண்டூசி 240. மொத்தம் 22,840. இதில் ராம் தேவைப்பட்டிருக்காது என்று இப்போது தோன்றுகிறது, கால் அளவு ப்ராக்ஸிக்கு 8 ஜிபியே ஓடியது. கார்டு ரீடரை முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும். பழைய ரீடரில் ஒரு கார்டு இறங்க முக்கால் மணி ஆகும், அந்தச் சோர்வில்தான் ‘புதுசு இரண்டு’ என்று பெயர் வைத்தேன்.

அடுத்த முறை நோட்டை அன்றன்று மாலையே எழுதுவேன். பல மாதம் கழித்துப் பார்க்கும்போது அந்த வயல் யாருடையது, பாட்டி அந்த இடத்தில் ஏன் சிரித்தாள் என்பதெல்லாம் போய்விட்டிருந்தது. இரண்டு ஷாட்டுக்காகப் பூம்பாறைக்கே மறுபடி பஸ் ஏறினேன், கேட்டு எழுதிக்கொள்வதற்காக. கேமராவில் கோப்பு எண் தொடர்ந்து ஓடும்படியும், டைம்கோடு நேரத்தோடு ஓடும்படியும் இப்போதே மாற்றிவிட்டேன். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாத ஒரு நிமிட ஒலியைத் தனியாகப் பதிய வேண்டும். புகை வீட்டில் அதை எடுக்காமல் வந்துவிட்டேன், பேச்சுக்கு நடுவே கிடைத்த எட்டு நொடியை மூன்று இடத்தில் ஒட்டிச் சமாளித்திருக்கிறேன். 17-ஆவது நிமிடத்தில், விறகு வெடிக்கும் ஒலி ஒரே மாதிரி இரண்டு முறை வருகிறது. அடுத்த மாதம் பூம்பாறையில் புது அறுவடை பரண் ஏறுகிறது. ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு போய் அந்த ஒரு நிமிடத்தைப் பதிந்து வந்து மாற்றிவிடுவேன்.